பெர்சன்டைல் என்பது மார்க்கும் இல்லை, தகுதியும் இல்லை

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் நீட் பி.ஜி., கேட், ஜி.ஆர்.இ. என்று ஏதாவது மேற்படிப்புத் தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் அரும்பாவூர்க்காரர் ஒருவரின் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே நீட் பி.ஜி. எழுதினாள். 62 பெர்சன்டைல் வந்தது. தெருவில் என்ன பேச்சு தெரியுமா? "டாக்டருக்குப் படிச்ச புள்ள நூத்துக்கு 62 தான் வாங்கியிருக்கு." அவள் அப்பாவுக்கு அதுவே பெரிய தலைக்குனிவாகிவிட்டது. அடுத்த வாரமே ஏதோ ஒரு கன்சல்டன்சியில் இருந்து போன். "கட்-ஆஃப் இறங்கப் போகுது சார், சீட் நாங்க பாத்துக்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்க." மனிதர் ஏரிப் பாசன நிலத்துக்கு விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு எண்ணின் அர்த்தம் புரியாமல் போனால் நிலம் போகும். இதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியை. படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். "ட்ரெயினிங் முடிச்ச டீச்சருக்கு மெடிக்கல் பி.ஜி. பத்தி என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் சதவீதக் கணக்கு எத்தனையோ வருடம் போர்டில் போட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் தேவைப்படுவது அந்தக் கணக்குதான்.

முதலில் பெர்சன்டைல் என்றால் என்ன என்று பார்ப்போம்.

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். காலை வழிபாட்டுக்கு உயரப்படி நிற்க வைக்கிறோம். குட்டையான பிள்ளையில் இருந்து எண்ணினால் ஒரு பையன் 30-வது ஆள். அவனையும் சேர்த்து, அவன் உயரத்துக்கு உள்ளே நிற்பவர்கள் 40-க்கு 30. நூற்றுக்கு 75. அவன் 75 பெர்சன்டைல். அவன் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று இந்த எண் சொல்லுமா? சொல்லாது. அதே பையனைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் கொண்டுபோய் நிறுத்தினால் 60 ஆகலாம், 85 ஆகலாம். பையன் ஒரு நூல்கூட வளரவும் இல்லை, குறையவும் இல்லை. சுற்றி நிற்கும் கூட்டம் மாறியது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மரச்சிற்பக்காரர்களுக்கு இது உடனே புரியும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய தொழில் இது. சிற்பி 'நவதாளம்' என்று சொன்னால் சிலையின் உயரம் முகத்தின் நீளத்தைப் போல் ஒன்பது மடங்கு என்று பொருள். சிலை ஒரு சாண் இருந்தாலும் நவதாளம்தான், ஆறடி இருந்தாலும் நவதாளம்தான். தாளம் ஒன்றோடொன்று ஒப்பிடும் அளவு. அதை வைத்து வண்டியில் சிலை ஏறுமா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அதற்கு டேப் பிடிப்பார்கள். பெர்சன்டைலும் ஒப்பிடும் அளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு "இவர் தகுதியானவர், இவர் தகுதி இல்லாதவர்" என்று சொல்வது, தாளத்தை வைத்து எடை போடுவது மாதிரி.

இப்போது அசல் கணக்குக்கு வருவோம். 2023-ல் நடந்த நீட் பி.ஜி. தேர்வில் 200 கேள்வி, 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். பொதுப்பிரிவுக்குத் தகுதி எல்லை 50 பெர்சன்டைல். மதிப்பெண்ணில் அது 291. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 40 பெர்சன்டைல். மதிப்பெண்ணில் 257.

291-ஐ 800-ஆல் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு 36 சொச்சம். அதாவது 50 பெர்சன்டைல் வாங்கியவர் 50 மார்க் வாங்கவில்லை. நூற்றுக்கு 36 வாங்கி, எழுதியவர்களில் பாதிப்பேருக்கு மேலே நிற்கிறார். எழுதியவர்கள் எல்லோரும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள். இந்தக் கூட்டத்தில் 62 பெர்சன்டைல் என்றால் நூறு டாக்டர்களில் ஏறக்குறைய 62 பேர் அந்தப் பெண்ணின் அளவோ அதற்குக் கீழோ. வேலை பார்த்துக்கொண்டே எழுதி வாங்கியது. அவள் அப்பா தலை குனிய வேண்டிய இடம் இதில் எங்கே இருக்கிறது?

இதே எண்ணை மறுபக்கம் இருந்தும் பார்க்க வேண்டும். பெரம்பலூர், துறையூர், ஆத்தூர் எந்தப் பக்கம் போனாலும் ஃப்ளெக்ஸ் பேனர். "எங்கள் மாணவர் 99 பெர்சன்டைல்!" நீட் பி.ஜி. எழுதுவோர் ஏறக்குறைய 2 லட்சம் பேர். அதில் ஒரு பெர்சன்டைல் என்பது 2,000 பேர். ஆகவே 99 பெர்சன்டைல் வாங்கியவருக்கு முன்னால் சுமார் 2,000 பேர் நிற்கிறார்கள். பத்து லட்சம் பேர் எழுதும் தேர்வு என்றால் முன்னால் நிற்பவர்கள் 10,000 பேர். நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெற்றோர் காதில் அது '99 மார்க்' என்று விழ வேண்டும் என்பதற்காகவே பேனரில் ரேங்க்கைப் போடாமல் பெர்சன்டைலைப் போடுகிறார்கள். அந்த மையத்தில் எத்தனை பேர் பணம் கட்டிச் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று எந்தப் பேனரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

இனி முக்கியமான விஷயம். 2023 செப்டம்பர் 20. இரண்டு சுற்றுக் கலந்தாய்வு முடிந்த பிறகு, தகுதி எல்லையை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைல் ஆக்கி ஒன்றிய அரசின் அறிவிப்பு வந்தது. நாடே கொதித்தது. அன்றைய நம் முதலமைச்சர், நீட் என்ற பெயரிலேயே இருக்கும் 'தகுதி'க்கு அர்த்தம் இல்லை என்று ஒன்றிய அரசே ஒப்புக்கொண்டுவிட்டது என்றார்.

என் நட்பு வட்டத்தில் பலர் அன்று ஒரு மீம்ஸ் பகிர்ந்தீர்கள். "பூஜ்ஜியம் மார்க் வாங்கினால் டாக்டர் ஆகலாம்." அது தப்பு. இரண்டு தப்பு. பூஜ்ஜியம் பெர்சன்டைல் பூஜ்ஜியம் மார்க் அல்ல. எழுதியவர்களிலேயே கடைசி ஆளின் மார்க். அந்த வருடம் அது மைனஸ் 40. இரண்டாவது, அவர்கள் டாக்டர் ஆகப் போகிறவர்கள் இல்லை, ஏற்கெனவே டாக்டர்கள். ஐந்தரை ஆண்டு படிப்பும் பயிற்சியும் முடித்துப் பதிவு செய்தவர்கள். நம் பக்கம் நியாயம் இருக்கும்போது கணக்கைத் தப்பாகப் போடக் கூடாது. எதிராளி அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு மொத்த நியாயத்தையும் தள்ளிவிடுவார்.

சரியான கணக்கே போதும், அதுவே கேலிக்கூத்தாக இருக்கிறது. ஒரு கேள்விக்கு நான்கு விடை. கண்ணை மூடிக்கொண்டு 200 கேள்விக்கும் ஏதோ ஒன்றைக் குறித்தால் சராசரியாக 50 சரியாகும், 150 தப்பாகும். 200 மார்க் கிடைத்து 150 மார்க் போகும். மீதி 50. தாளைத் தொடாமல் சும்மா உட்கார்ந்து வந்தால் பூஜ்ஜியம். மைனஸ் 40 என்பது இரண்டுக்கும் கீழே. அந்த எல்லைக்குப் பெயர் 'தகுதி'.

"சீட் காலியாகப் போகுது டீச்சர், நாட்டில் ஸ்பெஷலிஸ்ட் இல்லை, இடத்தை வீணாக்கலாமா? எல்லை பூஜ்ஜியம் ஆனாலும் ரேங்க் வரிசைப்படிதானே கொடுக்கிறார்கள்?" இது வலுவான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். ரேங்க் வரிசை மாறவில்லை என்பது உண்மை. காலி இடம் வீண் என்பதும் உண்மை.

ஆனால் எந்த இடம் காலியாகிறது என்று பாருங்கள். ஒரு பகுதி உடற்கூறியல், உடலியங்கியல், உயிர் வேதியியல் போன்ற பாடங்கள். கிளினிக் வைத்துச் சம்பாதிக்க வழி இல்லை என்று பிள்ளைகள் எடுப்பதில்லை. இன்னொரு பகுதி, தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் இடங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் ஆகும் படிப்புகள் உண்டு. அதை 60 பெர்சன்டைல் வாங்கிய விவசாயி மகள் எடுக்க முடியாது. அவள் எடுக்காததால் அது காலி. காலியானதால் எல்லை இறங்கும். எல்லை இறங்கியதும் 6 பெர்சன்டைல் வாங்கிய, பணம் உள்ள ஒருவர் வந்து உட்காருவார். ரேங்க் வரிசை எங்கும் மீறப்படவில்லை. சட்டப்படி எல்லாம் சரி. கட்டணத்தைக் குறைத்திருந்தால் 60 வந்திருக்கும். கட்டணத்தைக் குறைக்காமல் கட்-ஆஃபைக் குறைத்தார்கள், 6 வந்தது.

இது ஒரு வருடத்துக் கதையும் அல்ல. 2024 தேர்வுக்கும் எல்லையைப் பொதுப்பிரிவுக்கு 15, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 10 பெர்சன்டைல் என்று 2025 ஜனவரியில் இறக்கினார்கள். காலி இடத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குவது மதகுப் பலகை. ஏரியில் நீர் எவ்வளவு, வயல் எவ்வளவு என்று பார்த்து மதகைத் திறப்போம், மூடுவோம். அதில் தப்பில்லை. ஆனால் மதகை மதகு என்று சொல்லுங்கள், தகுதி என்று சொல்லாதீர்கள்.

ஏன் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். பக்கத்து மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர். 2017-ல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கிய மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, இளநிலை நீட் தேர்வில் 720-க்கு 86 வாங்கினார். அந்த ஆண்டு அவர் பிரிவுக்குத் தகுதி எல்லை 40 பெர்சன்டைல், மதிப்பெண்ணில் 107. உச்ச நீதிமன்றம் வரை போய் நின்ற பிள்ளை. செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். அது இளநிலைத் தேர்வு, இது முதுநிலைத் தேர்வு, வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டிலும் எல்லைக்கோட்டுக்குப் பெயர் ஒன்றுதான். கூலிக்காரர் மகள் முன்னால் அந்தக் கோடு சட்டம், அசைக்க முடியாது. கோடிக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடம் காலியாகும்போது அதே கோடு ரப்பர் போல இழுபடுகிறது. இதைத்தான் கேட்கிறேன்.

அடுத்து நார்மலைசேஷன் என்ற சங்கதி. 2024 ஆகஸ்டு 11 அன்று நீட் பி.ஜி. தேர்வைக் காலை, மாலை என்று இரண்டு ஷிப்டாக நடத்தினார்கள். இரண்டு வினாத்தாள். ஒன்று கொஞ்சம் சுலபம், ஒன்று கொஞ்சம் கடினம் என்று இருக்கத்தானே செய்யும்? அதனால் மார்க்கை ஒப்பிட முடியாது என்று, ஒவ்வொரு ஷிப்டுக்குள்ளும் பெர்சன்டைல் போட்டு இரண்டையும் சேர்த்தார்கள். காலைக் கூட்டமும் மாலைக் கூட்டமும் ஒரே தரம் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். லட்சம் பேரை எந்த ஒழுங்கும் இல்லாமல் பிரித்துப் போட்டால் ஏறக்குறைய ஒரே தரமாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஏறக்குறைய' என்பது எவ்வளவு? 0.1 பெர்சன்டைல் தள்ளிப்போனால் 200 ரேங்க் தள்ளிப்போகும். அரசுக் கல்லூரியா, தனியார் கல்லூரியா என்பதை அந்த 200 தீர்மானிக்கலாம்.

பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். பல ஷிப்டில் தேர்வு நடந்தால் அசல் மதிப்பெண், விடைக்குறிப்பு, நார்மலைசேஷன் சூத்திரம் மூன்றையும் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொன்னது. அதே மாதம் 30-ந் தேதி, 2025 தேர்வை ஒரே ஷிப்டில்தான் நடத்த வேண்டும், இரண்டு வினாத்தாளின் கடினம் ஒருபோதும் ஒன்றாக இருக்காது என்று இன்னொரு அமர்வு உத்தரவிட்டது. ஜூன் 15 என்று இருந்த தேர்வு ஆகஸ்டு 3-க்குத் தள்ளிப்போய் ஒரே வேளையில் நடந்தது. பாருங்கள், கணக்கைக் காட்டு என்று கேட்பதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினால் நான் முழு மார்க் போட்டதில்லை.

மற்ற தேர்வுகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன், பல பெற்றோர் இன்பாக்ஸில் கேட்கிறார்கள்.

கேட்: எம்.டெக். சேரவும் பொதுத்துறை வேலைக்கும். 100-க்கு மார்க், அதோடு 1000-க்கு ஒரு ஸ்கோர் தருவார்கள். ஸ்கோர் 420 என்றால் நூற்றுக்கு 42 என்று நினைக்காதீர்கள். தகுதி மதிப்பெண்ணைத் தொட்டாலே 350 கொடுத்துவிடுவார்கள். உச்சியில் இருக்கும் சிலரின் சராசரிக்கு 900. நடுவில் இருப்பவர்களை அந்த இரண்டு முளைக்கு இடையில் நூல் கட்டி அளப்பார்கள். ஸ்கோர் மூன்று வருடம் செல்லும்.

ஜி.ஆர்.இ.: அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு. மொழிப் பகுதியும் கணக்குப் பகுதியும் தனித்தனியாக 130 முதல் 170 வரை. 150 வாங்கினால் "170-க்கு 150, சூப்பர்" என்று சொல்லாதீர்கள். அடிமட்டமே 130. 40 படி ஏணியில் 20-வது படி. பக்கத்தில் போடும் பெர்சன்டைலைப் பாருங்கள். அது கடந்த மூன்று வருடம் எழுதியவர்களோடு ஒப்பிட்டது, வருடா வருடம் மாறும். தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே, இந்த ஸ்கோரை மட்டும் வைத்து எல்லைக்கோடு போட்டு யாரையும் நிராகரிக்காதீர்கள் என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. எந்தத் தேர்வு ஸ்கோரிலும் சில புள்ளிகள் முன்னே பின்னே பிழை இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். விற்கிறவனே சொல்லும் எச்சரிக்கையை இங்கே வாங்குகிறவர்கள் கேட்க மறுக்கிறோம்.

தேர்வே வேண்டாம் என்கிறீர்களா என்று சிலர் வருவார்கள். முதுநிலை இடம் குறைவு, கேட்பவர் அதிகம். வரிசை வேண்டும். வரிசைக்கு ஓர் எண் வேண்டும். ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பதில்லையா? ஆனால் டோக்கன் எண் 12 வாங்கியவர் 112 வாங்கியவரைவிட நல்ல மனிதர் என்று யாரும் சொல்வதில்லை. அதோடு வரிசையில் வேறு எதைச் சேர்க்கலாம் என்றும் பேச வேண்டும். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலையில் இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்புக் கொடுத்தது. வழக்குப் போட்டுப் போராடியது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். பச்சைமலை அடிவாரத்தில் ராத்திரி பாம்புக்கடிக்கு ஊசி போட்ட அனுபவம் 200 கேள்வியில் வராது. அதை வரிசையில் சேர்க்க நம் மாநிலம் போராடியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

1. மதிப்பெண் அட்டையில் அசல் மார்க், மொத்தம், எழுதியவர் எண்ணிக்கை, ரேங்க், பெர்சன்டைல், சூத்திரம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தமிழிலும் இருக்கட்டும்.

2. எல்லையை இறக்குவதாக இருந்தால் எந்தச் சூழ்நிலையில், எவ்வளவு என்று தேர்வுக்கு முன்பே விதியில் எழுதட்டும். கலந்தாய்வு நடுவில் இறக்கினால் புரோக்கர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

3. காலி இடம் இருந்தால் முதலில் கட்டணத்தைக் குறைக்கட்டும். அதன் பிறகும் காலி என்றால் எல்லையைப் பற்றிப் பேசட்டும்.

4. பயிற்சி மையங்கள் பெர்சன்டைல் போடும் பேனரில் ரேங்க்கையும் சேர்ந்தவர் எண்ணிக்கையையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று விதி வரட்டும்.

5. பெற்றோர்களே, கட்-ஆஃப் இறங்கும் என்று போன் செய்து முன்பணம் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எல்லை இறங்கினால் அறிவிப்பு எல்லோருக்கும் பொதுவாக வரும். அதை விற்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆசிரிய நண்பர்களே, உயர வரிசைக் கணக்கை ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கலாம். ஒரு பாடவேளை போதும். பாடத்திட்டத்தில் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கணக்கில் பிழை கண்டால் எந்த வரி என்று குறிப்பிடுங்கள். அரும்பாவூர், வேப்பந்தட்டை, பூலாம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் மதிப்பெண் அட்டையை எடுத்துக்கொண்டு சாயந்தரம் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். ஃபீஸ் கிடையாது, டீ உண்டு.